பாட்டு ஒன்று சொல்லும், கல் ஒன்று சொல்லும்: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலக்கியமும் வரலாறும் சேர்ந்த ஓராண்டுத் திட்டம்

தமிழ்ப் புத்தகத்தில் ஒரு புறநானூற்றுப் பாட்டு வரும். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். சமூக அறிவியலில் சங்க காலம் வேறொரு மாதத்தில், வேறொரு ஆசிரியரிடம் வரும். இரண்டும் ஒரே காலத்து மனிதர்களைப் பற்றியவை என்பது பல பிள்ளைகளுக்குத் தோன்றுவதே இல்லை. நான் தமிழ் கற்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் காட்பாடியில் என் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பத்துப் பேரோடு இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன். அதில் கைகூடியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோரோ, ஆசிரியரோ, பழைய வடாற்காடு மாவட்டத்தில் எந்த ஊரில் இருந்தாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களும் அந்த வடாற்காட்டுக்குள் இருந்தவைதான்.

முதலில் செய்ய வேண்டியது: குறைப்பது

முதல் ஆண்டு நான் பதினான்கு நூல்களுக்குப் பட்டியல் போட்டேன். தீபாவளி வந்தபோது சங்க காலத்திலேயே நின்றிருந்தோம். பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள், நானும்தான். ஜூன் முதல் ஏப்ரல் வரை என்று கணக்குப் போட்டாலும் காலாண்டு, அரையாண்டு, பொங்கல், மழை விடுமுறை எல்லாம் போக முப்பது வாரம் கிடைத்தால் பெரிது. அதை ஐந்து ஐந்து வாரமாக ஆறு பகுதியாகப் பிரியுங்கள். ஒரு பகுதிக்கு ஒரு காலம், ஒரு முதன்மை நூல். அந்த நூலையும் முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. நல்ல இருபது வரியை ஐந்து வாரம் படிக்கலாம்.

ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு பொருள்கள் கையில் இருக்க வேண்டும். படிக்க ஒரு பாட்டு அல்லது கதை. அதே காலத்துச் சான்று ஒன்று, அது கல்வெட்டோ செப்பேடோ நாட்குறிப்போ எதுவாகவும் இருக்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஓர் இடம். கடைசியாக, பிள்ளை தானே எழுதும் ஒரு பக்கம். இந்த நான்கில் ஒன்று கிடைக்காவிட்டால் அந்தக் காலத்தை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஒரு கயிறு. சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கட்டுங்கள். ஒரு நூற்றாண்டுக்கு ஒரு சாண் என்றால் சங்க காலத்திலிருந்து இன்று வரை இருபத்திரண்டு சாண் போதும், ஏறத்தாழ ஐந்து மீட்டர். படிக்கும் ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதித் துணி கிளிப்பால் அதன் இடத்தில் மாட்ட வேண்டும். ஔவையாருக்கும் வந்தியத்தேவனுக்கும் நடுவே எவ்வளவு வெற்றுக் கயிறு கிடக்கிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்தால் போதும். “ராஜா காலம்” என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும் பழக்கம் தானாகவே விட்டுப்போகும்.

ஆண்டு முழுக்க ஒரே கேள்விதான்: இதைச் சொல்வது யார், யாருக்காகச் சொல்கிறார்? நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

முதல் பகுதி: ஔவையாரும் நடுகல்லும்

ஜூன், ஜூலை மாதங்களுக்கு இது. நம் மண்ணுக்கு மிகப் பொருத்தமான தொடக்கம் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கருவிகளைக் காட்டுகிறான். உன் கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள வீட்டில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வதுபோல் இருக்கிறது, சரி, உண்மையில் புகழ்ச்சி யாருக்கு? பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டுவைத்தால் யாராவது ஒரு பிள்ளை துள்ளிக்கொண்டு வந்து சொல்லும்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. தொண்டைமானின் காஞ்சி கிழக்கே. வரைபடத்தில் இரண்டையும் கோட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். கோடு நம் ஊர்ப் பக்கமாகத்தான் போகும். “அப்படின்னா ஔவையார் பாலாறு தாண்டித்தான் போயிருப்பாங்களா, தமிழம்மா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். எந்த வழி போனார் என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் பாட்டுக்குள் நிலத்தைத் தேட அவனுக்குத் தோன்றிவிட்டது. ஐந்து வார உழைப்புக்கு அது போதும்.

அடுத்து 232ஆம் பாட்டு. அதியமான் இறந்துவிட்டான். அவனுக்கு நட்ட கல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைக்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்தை வாங்கிக்கொள்வானா என்று ஔவையார் கேட்கிறார். இதை உரக்கப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள்.

பிறகு நடுகல்லைக் காட்ட வேண்டும். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் போனது. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. செங்கண்மா என்பது இன்றைய செங்கம்தான். 583 அடியையும் படிக்க வேண்டாம். மலைவழியில் எங்கே கவனமாக நடக்க வேண்டும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் பகுதிகளில் இரண்டு மூன்று போதும். வழியில் நடுகற்கள் நிற்பதையும் அந்தப் பாட்டே சொல்கிறது.

பிள்ளைகள் மறக்கவே மறக்காத கல் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ளது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தான். கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது. கல்லில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, அதன் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. சங்க காலத்துக்குச் சில நூற்றாண்டு பிந்திய கல் என்பதைக் கயிற்றில் மாட்டிக் காட்டிவிடுங்கள். பாட்டு அரசனைப் பாடியது, கல்லோ எருமை மேய்த்தவனையும் அவன் நாயையும் நினைவில் வைத்திருக்கிறது. முதன்மைக் கேள்வி இங்கேயே வேலை செய்யத் தொடங்கிவிடும்.

எழுத வேண்டியது: தன் தெருவில் இறந்துபோன ஒருவருக்கு நான்கு வரியில் நடுகல் வாசகம். தாத்தாவுக்கு எழுதினார்கள், லாரி மோதி இறந்த நாய்க்கும் எழுதினார்கள். திருத்தாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பகுதி: தெள்ளாறு

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். சோளிங்கருக்கு அருகே மகேந்திரவாடியில், ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் செய்த கோயிலைப் பார்த்துவிடுங்கள். அங்கே உள்ள அவனுடைய கல்வெட்டு வடமொழியில் இருக்கிறது. ஏன் தமிழில் இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். எழுத்து யாருக்காக வெட்டப்பட்டது என்ற பேச்சுக்கு அது நல்ல வாசல். படிக்க நந்திக்கலம்பகம். வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளாற்றில் வென்ற பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் மேல் 9ஆம் நூற்றாண்டில் பாடப்பட்டது. ஐந்தாறு பாட்டு எடுத்தால் போதும். பாட்டைக் கேட்டுக்கொண்டே அரசன் தீயில் விழுந்து இறந்தான் என்ற செவிவழிக் கதையையும் சொல்லுங்கள். அதைக் கதை என்ற பெயரிலேயே சொல்லிவிட்டு, இப்படி ஒரு கதை ஏன் பிறந்திருக்கும் என்று கேளுங்கள்.

மூன்றாம் பகுதி: தக்கோலமும் வந்தியத்தேவனும்

செப்டம்பர், அக்டோபர். ஆண்டிலேயே பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த பகுதி இது. நூல், கல்கியின் பொன்னியின் செல்வன், முதல் பாகம் மட்டும். ஐந்து பாகத்தையும் திட்டத்தில் வைக்காதீர்கள். பிடித்தவர்கள் தாங்களே மீதியைப் படித்து முடிப்பார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது என்பதால் இணையத்திலும் கிடைக்கும், மலிவுப் பதிப்பும் கிடைக்கும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனிப் பெருமை ஒன்று உண்டு. நாவலின் நாயகன் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன், அவன் முன்னோரின் ஊர் திருவல்லம். காட்பாடியிலிருந்து கொஞ்ச தூரம்தான், பொன்னை ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்குள்ள வில்வநாதேசுவரர் கோயிலில் வாணர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கிறது. அந்தப் பெயரையும் உறவையும் பிடித்துக்கொண்டு ஒரு துடுக்கான இளைஞனையே கல்கி படைத்துவிட்டார். இதைச் சொன்னதும் ஒரு சிறுமி, “மீதி எல்லாம் அவரே கட்டினதா?” என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டாள். அதுதான் அன்றைய பாடமாக ஆனது.

இரண்டு நிறப் பென்சில் வேலை: ஓர் அத்தியாயத்தை எடுத்து, சான்று உள்ள பெயர்களையும் நிகழ்வுகளையும் நீலத்தால் அடிக்கோடிட வேண்டும். நாவலாசிரியர் படைத்ததைச் சிவப்பால். சுந்தர சோழரும் குந்தவையும் நீலம், நந்தினியும் பூங்குழலியும் சிவப்பு. ஐயமாக இருந்தால் இரண்டு நிறமும். இரண்டு நிறமும் விழுந்த இடங்களில்தான் நல்ல பேச்சு நடக்கும்.

சான்றாகத் தக்கோலப் போர். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் தக்கோலம்தான். 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு போரிட்டு, சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்தான். ஒரே சாவை இரண்டு தரப்பும் எழுதி வைத்திருக்கின்றன. சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடு, யானை மேலேயே அம்பு பட்டு வீரசுவர்க்கம் போனான் என்று பாடுகிறது. “யானைமேல் துஞ்சின தேவர்” என்ற பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது. எதிர்த்தரப்பில், கங்க மன்னன் பூதுகன் இராசாதித்தனைக் கொன்றதைக் கர்நாடகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு பதிவு செய்கிறது. அந்தக் கல் எதற்காக நட்டது தெரியுமா? காட்டுப் பன்றியோடு போராடி இறந்த காளி என்ற வேட்டை நாய்க்காக! கோவிவனை ஜூலையில் படித்த பிள்ளைகள் இங்கே ஆரவாரம் செய்வார்கள். நான் திட்டம் போட்டபோது இந்தத் தொடர்பு எனக்கே தெரியாது, படிக்கப் படிக்கக் கிடைத்தது.

ஒருநாள் பயணமாகத் திருவல்லம், அங்கிருந்து மேல்பாடி, முடிவில் வள்ளிமலை. மேல்பாடியில் இராசாதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கு இராசராசன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாகக் கட்டிய கோயில், இருக்கிறது. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், அவன் மகன் இராசராசன். ஆக, பேரன் பாட்டனுக்குக் கட்டியது. கோயில் வாசலிலேயே மண்ணில் குச்சியால் வம்சக் கொடி வரையச் சொல்லுங்கள். நாவலில் நோயாளியாகப் படுத்திருக்கும் சுந்தர சோழரின் அப்பா இங்கே இருக்கிறார் என்றதும் பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தண்ணீர், தொப்பி, புளிச்சோறு எடுத்துப் போங்கள். வள்ளிமலை ஏறும்போது தாகம் எடுக்கும்.

நான்காம் பகுதி: மழைக்கால வாசிப்பு

நவம்பரில் வெளியே போக முடியாது. படைவீட்டுச் சம்புவராயர், விசயநகரம், வேலூர்க் கோட்டை எல்லாவற்றையும் இங்கே வையுங்கள். திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழைத் தாளம் தட்டிப் பாட வேண்டும். பொருள் முழுதும் விளங்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள், இந்த வயதில் சந்தமே போதும். வள்ளிமலையை அவரும் பாடியிருக்கிறார். அதே மலையில் சமணக் குகைகளும் சிற்பங்களும் இருப்பதைப் போன மாதம் பிள்ளைகள் பார்த்தாயிற்று. அரசர்கள் பெயரை விரைவாகக் கடந்துவிடலாம்.

ஐந்தாம் பகுதி: தேசிங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையும்

நவாபு காலத்துக்கு இரண்டு நூல்கள், இரண்டும் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்பவை. ஒன்று தேசிங்குராசன் கதைப்பாடல். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை, சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்த்து இறந்தவன் செஞ்சியின் தேசிங்கு. சண்டைக்குக் காரணம் கப்ப பாக்கி. கதைப்பாடலோ குதிரையையும் நட்பையும் பெரிதாக்கிப் பாடுகிறது. கல்யாண மேடையிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்கு வரும் முகமதியத் தோழன்தான் அதில் என் வகுப்புக்குப் பிடித்தவன். இதை இரண்டு மதத்தாரின் சண்டையாக யாராவது சொல்லித் தந்திருந்தால், அந்தத் தோழனைக் காட்டுங்கள், போதும். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியது வரும் இடத்தில் தாண்டிப் போகாதீர்கள், புகழவும் வேண்டாம். அவள் பக்கத்திலிருந்து யாருமே பாடவில்லையே என்று கேட்டுப் பாருங்கள். இராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவாக நவாபு வைத்தது என்று சொல்வார்கள்.

இன்னொன்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதினார். சரக்கு விலை, வதந்தி, சகுனம், ஆர்க்காட்டு அரசியல் எல்லாம் கலந்து கிடக்கும். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் கான் இறந்த காலத்துப் பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள். ஆம்பூர் என்றால் பிரியாணி என்று மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு ஊர் வேறாகத் தெரியும். இடம், ஆர்க்காட்டில் பாலாற்றங்கரையில் நிற்கும் டெல்லி வாயில். 1751இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் மிஞ்சியது அதுதான். அப்போது இந்தியச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்று ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளில் ஒரு கதை வரும். சொல்வது யார், யாருக்காக?

எழுத வேண்டியது: ஆனந்தரங்கப் பிள்ளையின் நடையில் ஒரு வார நாட்குறிப்பு. வேலூர் மார்க்கெட்டில் தக்காளி விலை கட்டாயம் இருக்க வேண்டும்.

ஆறாம் பகுதி: 1806

எட்டாம் வகுப்பு வரலாற்றில் வேலூர்ப் புரட்சி வரும். இதைக் கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்து படியுங்கள். சாதிக்குறி, காதணி, தாடி கூடாது என்ற கட்டளையும் தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகள் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள். திப்பு மகளின் கல்யாணம் நடந்ததற்கு அடுத்த விடியல், 1806 ஜூலை 10, சிப்பாய்கள் எழுந்தார்கள். மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையிலேயே கொடூரமாக அடக்கினான்.

கோட்டைத் தளபதி பான்கோர்ட் அன்று இறந்தான். அவன் மனைவி அமீலியா இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருந்து பிழைத்ததைத் தானே எழுதி வைத்தாள். அதன் சுருக்கத்தைச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் மூன்று கடிதம் எழுத வேண்டும்: ஒரு சிப்பாய் தன் அம்மாவுக்கு எழுதுவது, அமீலியா தன் ஊருக்கு எழுதுவது, கோட்டைக்கு வெளியே பேட்டையில் கடை வைத்திருந்தவர் தன் அண்ணனுக்கு எழுதுவது. மூன்றாவது கடிதம்தான் கடினம். அதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். அந்தக் கடைக்காரருக்கு என்ன தெரிந்திருக்கும், என்ன தெரிந்திருக்காது என்று யோசிக்கும்போது, ஆறு மாதமாகப் படித்தது எல்லாம் வேலைக்கு வரும்.

அதே கோட்டையில் கண்டியின் கடைசி அரசன் சிறை இருந்து 1832இல் இறந்தான், பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவன் கல்லறை. வேலூர்ச் சிறையில் இராசாசி 1921 முதல் 1922 வரை இருந்தபோது எழுதிய நாட்குறிப்பில் சில பக்கங்களையும் சேர்க்கலாம். இறுதி வாரத்துக்கு மு. வரதராசன். 1912இல் திருப்பத்தூரில் பிறந்தவர். வாலாசாப் பக்கத்து வாழ்க்கை வரும் அகல் விளக்கின் தொடக்க அத்தியாயங்களைப் படித்தால், நம் தாத்தா காலத்துக்கு வந்து சேர்ந்துவிடுவோம். பிறகு தாத்தா பாட்டியிடமே போய், பாலாற்றில் தண்ணீர் ஓடியது எப்போது, தோல் தொழிற்சாலை வருமுன் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்தாலும் சரி.

வாரம் நடக்கும் விதம்

இரண்டு மணி நேரம் போதும். முதல் அரை மணி உரக்கப் படிப்பது, ஒருவர் மாற்றி ஒருவர். பழம்பாட்டு என்றால் சீர் பிரித்த பதிப்பை வையுங்கள். அருஞ்சொல்லைப் பிள்ளைகள் முதலில் ஊகிக்கட்டும், பிறகு அகராதி பார்க்கலாம். அடுத்து சான்று, வரைபடம், கயிறு. கடைசி அரை மணி எழுத்து. நூல்களுக்கு மாவட்ட மைய நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகமும் இருக்கின்றன, பெரிய செலவு இல்லை.

ஆறாம் வகுப்புப் பிள்ளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் நல்லதுதான். சிறியவர் கதையைச் சொல்லட்டும், பெரியவர் சான்றைச் சொல்லட்டும். மதிப்பெண் போடாதீர்கள். பகுதி முடியும்போது, “பாட்டும் கல்லும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன?” என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: போர்வீரன் எங்கள் சாதி, அரசன் எங்கள் குலம் என்ற பேச்சு வீட்டிலிருந்தே வரும். பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். எந்தக் கல்லில், எந்தப் பாட்டில் அப்படி இருக்கிறது, காட்டு என்று மெதுவாகக் கேளுங்கள்.

தேர்வு முடிந்த பிறகு

பங்குனியிலிருந்து வைகாசி வரை நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் வில்லிபாரதப் பாட்டுகளோடு பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பள்ளி நாள்களில் பிள்ளைகளை இரவெல்லாம் விழிக்க வைக்க முடியாது, அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தால், உயரமான கம்பத்தில் ஏறிக்கொண்டே கூத்தர் பாடுவதைப் பார்க்கலாம். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான், வயல் அளவுக்கு. நோட்டை எடுத்துப் போகச் சொல்லுங்கள். போன ஆண்டு எங்களோடு வந்த பாட்டி ஒருத்தி, வேடம் கட்டியவர் யார் வீட்டுப் பிள்ளை, எத்தனை ஆண்டாக ஆடுகிறார் என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் கூத்தைப் பாதியும் பாட்டியைப் பாதியுமாக எழுதிக்கொண்டு வந்தார்கள்.